ராத்திரி ஒரு மணிச் சாப்பாடு

கேள்வி:

"எனக்கு வயது 41. மண்ணடியில் ஓர் ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். இந்த வேலைக்கு வந்து 19 வருஷம் ஆகிறது. மதியம் 3 மணிக்குக் கல் முன்னால் நின்றால் ராத்திரி 12 ஆகும். வீடு புது வண்ணாரப்பேட்டையில், ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 86 கிலோ. போன மாதம் ஒரு மருத்துவ முகாமில் பார்த்ததில் பிரஷர் 138/88, மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று வந்தது. 'மாத்திரை வேண்டாம், எக்சர்சைஸ் பண்ணு, சாப்பாட்டைக் குறை' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தினம் 25 கிலோ மைதா பிசைகிறேன். கிலோவுக்கு 16 புரோட்டா எடுக்கிறேன். ஒன்பது மணி நேரம் நிற்கிறேன். இதற்கு மேல் என்ன எக்சர்சைஸ்? காலையில் எழுந்து கால் ஊன்றினால் குதிகாலில் ஊசி ஏற்றியது போல இருக்கிறது. வலது தோள் வலிக்கு மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருப்பது ஒரே ஹால். ஜிம்முக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. மனைவி ஓட்ஸ் வாங்கி வைத்திருக்கிறாள், தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது. கோதுமை புரோட்டா சாப்பிடலாமா? என் மனைவியும் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர்தான், அவளுக்கும் முதுகு வலி உண்டு."

வாசகர், புது வண்ணாரப்பேட்டை

பதில்:

மாஸ்டர், வணக்கம்.

"இதற்கு மேல் என்ன எக்சர்சைஸ்?" என்று நீங்கள் கேட்டிருப்பதில் கோபம் தெரிகிறது. நியாயமான கோபம்தான். 25 கிலோ மாவைப் பிசைந்து, உருட்டி, வீசி, சுற்றி, 400 புரோட்டா போட்டுவிட்டு வருகிறவரிடம் போய் உடம்பை அசையுங்கள் என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். நான் பிசியோதெரபிஸ்ட். அதற்கு முன்னால் ஒரு சரக்கு மாஸ்டரின் பிள்ளை. அப்பா பிராட்வே பக்கத்து ஓட்டல்களில் 26 வருஷம் குருமாவும் சால்னாவும் வைத்தவர். ராத்திரி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பாயில் படுத்துக் காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொள்வார். முட்டிக்குக் கீழே நரம்பு பச்சைப் புழு மாதிரி நெளிந்து கிடக்கும். அவரிடம் யாராவது வாக்கிங் போகச் சொல்லியிருந்தால் கரண்டியாலேயே போட்டிருப்பார். அதனால் அந்த வார்த்தையை நான் உங்களிடம் சும்மா எடுத்துவிட மாட்டேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். உழைப்பு வேறு, பயிற்சி வேறு. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வருஷக்கணக்கில் கவனித்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வேலையில் உடம்பை வருத்தியவர்களுக்கோ குறையவில்லை, கூடத்தான் செய்தது. நீங்கள் வீசுவதை நீங்களே ஒருநாள் கவனித்துப் பாருங்கள். வலது கை எப்போதும் முன்னாலும் கீழேயும்தான் போகிறது; தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலேயோ போவதே இல்லை. தோளின் முன்பக்கத் தசை 19 வருஷமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பின்பக்கத் தசை தளர்ந்துபோய்க் கிடக்கிறது. கால்கள் நிற்கின்றனவே தவிர நடக்கவில்லை. ஆடுசதை சுருங்கி விரிந்தால்தான் காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறும். அசையாமல் நின்றால் அங்கேயே தேங்கும். இதயம் ஒன்பது மணி நேரம் அனலில் லேசாகப் பதறிக்கொண்டே இருக்கிறது, ஒரு இருபது நிமிஷமாவது நன்றாக வேகமெடுத்து அடங்கும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதில்லை. உங்கள் உடம்புக்கு ஓட்டலில் கிடைக்காத அசைவுகளைத்தான் வீட்டில் கொடுக்க வேண்டும். அதற்கு 15 நிமிஷம் போதும், ஹாலும் போதும். இதயத்துக்கான நடை மட்டும் தனி.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சாப்பாடு. உங்கள் தொந்தரவில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

கடிதத்தோடு ஒரு நாள் முழுக்க என்னவெல்லாம் உள்ளே போனது என்று தனித்தாளில் எழுதி அனுப்பியிருந்தீர்களே, அதற்கு நன்றி. பலர் இதில்தான் பொய் சொல்வார்கள். காலை 9.30-க்கு எழுந்து டீ, இரண்டு பொறை. மதியம் கிளம்பும் அவசரத்தில் "நாலு வாய் சோறு". வேலை நேரத்தில் ஏழு டீ, கிழிந்துபோன புரோட்டாவில் பிய்த்துப் போட்டுக்கொண்டது "கணக்கில்லை", அனல் தாங்காமல் ஒரு பன்னீர் சோடா. ராத்திரி 12.45-க்கு ஓட்டல் கணக்கில் மூன்று புரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட். 1.30-க்குப் படுக்கை.

இந்தப் பட்டியலில் ஒரே ஒரு சாப்பாடுதான் இருக்கிறது மாஸ்டர். அதுவும் படுப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால். மற்றதெல்லாம் நின்றுகொண்டே வாயில் போட்டவை.

உங்கள் கணக்கிலேயே வருகிறேன். கிலோவுக்கு 16 என்றால் ஒரு புரோட்டாவுக்கு 62 கிராம் மைதா. அதுவே சுமார் 220 கலோரி. பிசையும்போது, ஊறவைக்கும்போது, வீசும்போது, கல்லில் என்று எண்ணெய் எத்தனை முறை போகிறது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒரு புரோட்டாவில் 10 கிராம்தான் தங்குகிறது என்று வைத்தாலும் 90 கலோரி. ஆக ஒன்று 310. மூன்று போட்டால் 900-ஐத் தாண்டிவிடும், சால்னா தனி. இரவு ஏற ஏற உடம்பு சர்க்கரையைக் கையாளும் வேகம் குறையும். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் தாங்கக்கூடியதைக்கூட நடுராத்திரியில் தாங்காது. அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தும்விடுகிறீர்கள்.

கோதுமை புரோட்டாவைப் பற்றிக் கேட்டீர்கள். மாவு மாறும், எண்ணெய் மாறாது. நார்ச்சத்து கொஞ்சம் கூடும் என்பதைத் தவிர உங்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. ஓட்ஸ் இறங்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலும் சர்க்கரை குறையும். நான் மாற்றச் சொல்வது தானியத்தை அல்ல, நேரத்தை. நாளின் பெரிய சாப்பாடு மதியம் 1.30-க்கு, வீட்டில், உட்கார்ந்து. இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூட மீதியில் பாதி தானாகச் சரியாகும். வயிறு நிறைந்து கல் முன்னால் நிற்கிறவருக்குக் கிழிந்த புரோட்டா கண்ணில் படாது.

அந்த மதியத் தட்டில் என்ன இருக்கலாம்? பாதித் தட்டுக்குக் கீரையோ காயோ: அரைக்கீரை, முருங்கைக்கீரை, கோஸ், பீர்க்கங்காய், அன்று எது மலிவோ அது. கால் தட்டு மீன் அல்லது முட்டை அல்லது பருப்பு. மீதிக் கால் தட்டுக்குச் சோறு. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு வஞ்சரம்தான் மீன் என்று நினைக்க வேண்டாம். கவலை, நெத்திலி, காணாங்கெளுத்தி எல்லாம் விலையும் குறைவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் அதில்தான் அதிகம். குழம்பாக வையுங்கள், வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். கருவாடு ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பிரஷர் 138-ல் நிற்கும்போது பத்து நாளைக்கு ஒருமுறை போதும். அதையும் வெந்நீரில் போட்டு அலசி, குழம்பில் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் முழுக்க ஒருவருக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான். உங்கள் ராத்திரி சால்னா அதில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம் பருப்பைச் சாம்பாருக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் கீரைக் கடையலிலும் தாராளமாகப் போடலாம். பாமாயிலைக் கொட்டிவிட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்த எண்ணெயானாலும் ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து மாலை. 6 மணிக்குக் கூட்டம் ஏறுவதற்கு முன்னால் கைப்பிடி சுண்டல், இல்லையென்றால் வேர்க்கடலை, இல்லையென்றால் அவித்த முட்டை. வீட்டிலிருந்தே டப்பாவில் கொண்டுபோங்கள். பசி வந்த பிறகு தேடினால் கையருகில் இருப்பது புரோட்டாதான். இரவுச் சாப்பாட்டை 9.30-க்கும் 10-க்கும் நடுவில் பத்து நிமிஷம் ஒதுங்கி முடித்துவிடுங்கள்: இரண்டு இட்லி, சாம்பார், ஒரு முட்டை. ஓட்டலில் கொடுக்கும் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. அது உங்கள் உழைப்பின் பங்கு. புரோட்டாவுக்குப் பதில் இட்லி, 12.45-க்குப் பதில் 9.30, அவ்வளவுதான் நான் கேட்பது. கடையில் கூட்டம் நிற்கும்போது எப்படி நகர்வது என்பீர்கள். ஹெல்பரிடம் பத்து நிமிஷம் கல்லைக் கொடுங்கள். எப்படியும் அவர் ஒருநாள் மாஸ்டர் ஆக வேண்டியவர்தானே. ராத்திரி வீட்டுக்கு வந்த பிறகும் பசித்தால் ஒரு டம்ளர் மோர், உப்புப் போடாமல்.

புரோட்டாவே கூடாதா? வாரத்தில் ஒரு நாள் சாப்பிடுங்கள். லீவு நாளில், வாடிக்கையாளர் மாதிரி மேஜையில் உட்கார்ந்து, இரண்டு. இன்னொருவர் போட்டதைச் சாப்பிட்டுப் பாருங்கள், குறை கண்டுபிடிப்பதிலேயே பாதி வயிறு நிறைந்துவிடும்.

டீ விஷயத்துக்கு வருகிறேன். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 8 கிராம் சர்க்கரை. வேலை நேரத்து ஏழு டீயில் மட்டும் 56 கிராம். ஒரு நாளைக்கு 25-க்குள் நிற்பது நல்லது என்பார்கள். பன்னீர் சோடாவைச் சேர்த்தால் மூன்று மடங்கை நெருங்கிவிடுகிறீர்கள். ஏழையும் நிறுத்தச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவீர்கள். இந்த வாரம் "சக்கரை கம்மி" சொல்லுங்கள். மூன்றாவது வாரம் "வித்தவுட்". எண்ணிக்கையை நாலுக்குக் கொண்டுவாருங்கள், ராத்திரி 8-க்குப் பிறகு வேண்டாம், தூக்கம் கெடும். பொறை மைதாவும் சர்க்கரையும்தான், அதற்கும் காலையில் விடை கொடுத்துவிடலாம். பதிலுக்கு இரண்டு இட்லி அல்லது கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயத்தோடு. கூழ் நம் ஊர்த் தெருமுனையிலேயே கிடைக்கிறது. மோர்மிளகாயில் மட்டும் கையை அடக்குங்கள்.

தண்ணீர்தான் நீங்கள் குடிக்க மறந்த பொருள். பட்டியலில் ஒரு இடத்தில்கூட இல்லை. அனல் முன்னால் நிற்பவர் இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அது தாமதம். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொள்ளுங்கள், காலியாகக் காலியாக நிரப்புங்கள். சிறுநீர் டீ நிறத்தில் போனால் போதவில்லை என்று அர்த்தம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு அந்த "ஒரு செட் மாத்திரை"தான் காரணம். மெடிக்கலில் உதிரியாகப் பிரித்து, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்களே, அதில் பெரும்பாலும் டைக்ளோபெனாக் போன்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும், கூடவே ஒரு கேஸ் மாத்திரை, சில இடங்களில் ஸ்டீராய்டும் இருக்கும். வியர்த்து வியர்த்து உடம்பில் நீர் வற்றியிருக்கும் நேரத்தில் இந்த வலி மாத்திரை போவது சிறுநீரகத்துக்கு நேரடி அடி. பிரஷரையும் ஏற்றும். ஸ்டீராய்டு இருந்தால் சர்க்கரையும் ஏறும். உங்கள் 138-லும் 6.1-லும் அந்தக் கவருக்குப் பங்கு இருக்கலாம். எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. வாரக்கணக்கில் தினமும் போட்டிருந்தால் ஒரு நாள் திடீரென்று நிறுத்தாமல், அந்தக் கவரையே எடுத்துப்போய் உங்கள் பகுதி மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்லியும் கேளுங்கள். வலி தாங்காத நாளில் என்ன போடலாம் என்பதை அவர் எழுதித் தரட்டும். ராத்திரி வலிக்கு "கொஞ்சம்" போட்டுக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலில் சகஜம். உங்களுக்கு இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. இருந்தால், ஒரு குவாட்டரில் மட்டும் 400 கலோரி, அதோடு வலி மாத்திரை சேர்ந்தால் குடலில் ரத்தம் கசியலாம் என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி ஹாலுக்கு வருவோம். காலை 9.30-க்கு, டீக்கு முன்னால்.

குதிகாலில் இருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களை எழுந்ததும் மிரட்டுகிறது. கால் ஊன்றுவதற்கு முன்பே, பாயில் உட்கார்ந்தபடி, துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, முட்டியை மடக்காமல் உங்களை நோக்கி இழுத்து 30 எண்ணுங்கள். ஒரு காலுக்கு மூன்று தடவை. ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்த உள்ளங்கால் தசைநாரை எழுந்ததும் மொத்த எடையோடு இழுப்பதால்தான் அந்த ஊசி. முதலில் துண்டால் இழுத்துவிட்டால் ஊசி பாதி மழுங்கும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கால் முன்னால், வலிக்கும் கால் பின்னால், பின்னங்குதிகால் தரையை விட்டு எழாமல் 30 எண்ணிக்கை. ராத்திரி வந்ததும் பிரிட்ஜில் உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டு உள்ளங்காலால் ஐந்து நிமிஷம் உருட்டுங்கள். தேய்ந்த ஹவாய் செருப்பை இன்றே தூக்கிப் போடுங்கள். குதிகால் பக்கம் தடிமனாக, ஈரத்தில் வழுக்காத அடிப்பாகமுள்ள மூடிய செருப்பு வேண்டும். எண்ணெய் சிந்தும் இடத்தில் வெறுங்காலோடு நிற்கும் மாஸ்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அடுத்து தோள். தலையணையில் இடது பக்கமாகச் சாய்ந்து படுங்கள். வலது முழங்கையை மடக்கி இடுப்போடு ஒட்டிவைத்து, நடுவில் ஒரு மடித்த துண்டைச் செருகுங்கள். கையில் பாதி நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில், அது அரைக் கிலோ. முழங்கை அசையாமல், பாட்டிலைக் கூரையை நோக்கி மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள். பத்து தடவை, இரண்டு சுற்று. பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும், ஏழாவதிலேயே தோளின் பின்பக்கம் சுடும். 19 வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த தசை அதுதான். பிறகு கதவு நிலையில் இரு முன்கைகளையும் வைத்து மார்பை முன்னால் தள்ளி 30 எண்ணிக்கை. வலிக்கு ஒரு அளவு சொல்கிறேன்: பத்துக்கு மூன்று வரை வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை கூடுதலாக வலித்தால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, பத்து. சுவரில் கை ஊன்றித் தண்டால், பத்து. பாயில் மல்லாந்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்குவது, பத்து. மூச்சைப் பிடிக்காதீர்கள், தூக்கும்போது வெளியே விடுங்கள். வாரத்தில் மூன்று நாள் போதும். குதிகாலுக்குச் சொன்ன துண்டும் சுவரும் மட்டும் தினமும்.

நடைக்கு எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் போகாதீர்கள், கன்டெய்னர் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு நடப்பதற்கு நடக்காமலே இருக்கலாம். மொட்டை மாடி இருக்கிறது. இல்லையென்றால் ராயபுரத்தில் அண்ணா பூங்கா, பெரியவர்களுக்கு இன்னும் ராபின்சன் பார்க். 1949-ல் கொட்டும் மழையில் திமுக தொடங்கிய அதே இடம். நனைந்த தலைவர்களுக்கு இருந்த வேகத்தில் பாதி போதும்: பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். வாரத்துக்கு 150 நிமிஷம், ஐந்து நாளாகப் பிரித்தால் அரை மணி. அரை மணி ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்தாகவும் சேர்க்கலாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிஷம் நடந்தால் சர்க்கரைக்கு அதைவிடச் சின்ன மருந்து வேறில்லை. உங்கள் மூன்று மாடிப் படியும் கணக்கில் சேரும், லிப்ட் கெட்டுப்போனால் அதை ஒரு தடவையாவது நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளுங்கள். லீவு நாளில் நாலு மணி நேரம் கேரம் ஆடுவதாக எழுதியிருந்தீர்கள். 2024-ல் அதில் உலகப் பட்டம் வாங்கியவர் நம் வட சென்னைப் பெண்தான், அதனால் ஆட்டத்தைக் குறைசொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆனால் அது விரலுக்குத்தான் பயிற்சி. ஒரு போர்டு முடிந்ததும் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

வேலை இடத்தில் செய்ய வேண்டியது இரண்டு. கல் முன்னால் நிற்கும்போது, ஒரு ஈடு வேகும் நேரத்தில் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள், பத்துப் பதினைந்து தடவை. யாருக்கும் தெரியாது, ஆடுசதைக்குத் தெரியும். காலடியில் ஒரு செங்கல் உயரத்துக்குப் பலகை போட்டு, ஒரு காலை மாற்றி மாற்றி அதில் வைத்து நின்றால் இடுப்பு நிம்மதியாகும். இரண்டாவது, பிசையும் மேடை. முழங்கையை மடக்கி நின்றால், மேடை அதற்கு ஒரு சாண் கீழே இருக்க வேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் தோளால் அழுத்துகிறீர்கள். சரியாக இருந்தால் உடம்பு எடையால் அழுத்தலாம். மேடையை இடிக்க முதலாளி சம்மதிக்கமாட்டார், காலடிக்குப் பலகை போடச் சம்மதிப்பார். கடைகளில் வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. அதைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. மாவு ஊறும் நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் கேட்பதில் தப்பில்லை.

இப்போது, நீங்கள் ஒரே வரியில் முடித்த விஷயம். இரண்டு பக்கக் கடிதத்தில் உங்கள் மனைவிக்குக் கிடைத்தது கடைசி வரி. அவரும் உங்களைப் போல அடுப்படித் தொழிலாளிதான். காலை எட்டு மணிக்குள் வீட்டுச் சமையலை முடித்து, பிறகு பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும் முட்டையும் ஆக்கிவிட்டு, திரும்பி வந்து உங்களுக்கு ஓட்ஸ் கிளறியிருக்கிறார். முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: கொதிக்கும் பாத்திரத்தைத் தனியாகத் தூக்குகிறாரா? இருவராகத் தூக்க வேண்டும், அதற்கு ஆள் இல்லையென்றால் பாதிப் பாதியாக மொண்டு மாற்ற வேண்டும். அரிவாள்மனையில் தரையில் குனிந்து ஒரேயடியாக மணிக்கணக்கில் நறுக்குகிறாரா? நாலு விரல்கடை உயரமுள்ள மணையில் உட்கார்ந்தாலே முதுகின் வளைவு குறையும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இடுப்பில் கைவைத்துப் பின்பக்கமாக ஐந்து தடவை வளையட்டும். கழிவறை வசதியை நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாரா? பெண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை, கேட்டால்தான் வரும். இடுப்பைத் தூக்கும் பயிற்சியும் நாற்காலிப் பயிற்சியும் அவருக்கும்தான். இருவரும் வீட்டில் இருக்கும் நாளில் சேர்ந்தே செய்யுங்கள், பாய் ஒன்று கூடுதலாக விரிக்க ஹாலில் இடம் இருக்கும்.

அவருக்கு ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால், முதுகு வலி என்று அவர் சொல்வதில் பாதி அசதியாக இருக்கும். முருங்கைக்கீரை நல்லது, ஆனால் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஏறாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கடைசியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் நீங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே இல்லை. அவர் வேலை முடித்து வருவதற்கும் நீங்கள் கிளம்புவதற்கும் இடையே நேரம் இருந்தால் மதியத் தட்டு இரண்டாக இருக்கட்டும்.

அளவு பார்க்க எடை மிஷின் வேண்டாம். உங்கள் உயரத்துக்கு ஒரு பூக்கட்டும் நூலை வெட்டி, அதை இரண்டாக மடித்து, தொப்புள் மட்டத்தில் சுற்றுங்கள். முனைகள் சேர வேண்டும். இன்று எத்தனை விரல் இடைவெளி என்று எழுதிவையுங்கள், மாதம் ஒருமுறை பாருங்கள். மூன்று மாதச் சர்க்கரையைப் பொறுத்தவரை 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5-ல் நோய். நீங்கள் இன்னும் கோட்டில்தான் நிற்கிறீர்கள். இப்படிக் கோட்டில் நின்றவர்களை வைத்துச் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்து 2006-ல் வெளியானது. சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களில், நோய்க்குள் போனவர்கள் மூன்று வருஷத்தில் நூற்றுக்கு 39 பேர். எதையும் மாற்றாதவர்களில் 55 பேர். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை மறுபடி எடுங்கள்.

சிலவற்றுக்கு மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. கல் முன்னால் நிற்கும்போது நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய வியர்வை வந்தால் "கேஸ்" என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அனலில் எல்லோரும் வியர்ப்பதால் அடுப்படியில் மாரடைப்பு கண்ணில் படாமலே போய்விடும். உடனே 108. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும் அன்றே போக வேண்டும். ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரு விரல்களும் மரத்துப்போய் உதறி எழுகிறீர்கள் என்றால் அது மணிக்கட்டு நரம்பு, அதையும் சொல்லுங்கள்.

தோளுக்கு ஆறு வாரம் கொடுங்கள். அதற்குப் பிறகும் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லையென்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எலும்பியல், பிசியோதெரபி இரண்டும் அங்கேயே இருக்கின்றன. கை சிகிச்சைக்கென்றே தனித் துறையும் உண்டு, மணிக்கட்டு மரத்துப்போவதை அங்கே காட்டலாம். ஓ.பி. சீட்டுக்குக் காலையிலேயே வரிசை நீளும். அன்று ஒரு நாள் மட்டும் 9.30 வரை தூங்காதீர்கள். 3 மணிக்குக் கல்லுக்குத் திரும்பிவிடலாம்.